சோடா மரியாதை

எங்கள் தலைமையாசிரியர் சிற்றம்பலத்திடம் நீல மட்டை போட்ட ஒரு கொப்பி இருந்தது. முதற்பக்கத்தில் "புதிய ஆசிரியர் வரவேற்பு ஒழுங்கு" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். பஸ் நிற்கும் இடத்தில் மாலை, வாசலில் நிறைகுடம், பிள்ளைகளின் வரவேற்புப் பாட்டு, தலைமையாசிரியர் உரை, சிற்றுண்டி, வளவைச் சுற்றிக் காட்டல் என்று எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டிருந்தது. ஒருமுறை வித்தியாதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாப் பள்ளிக்கூடத்திலையும் இப்பிடி ஒண்டு இருக்க வேணும்" என்று சொன்னார். அதற்குப் பிறகு சிற்றம்பலம் அந்தக் கொப்பியை லாச்சிக்குள் வைப்பதில்லை. வருகிறவர் கண்ணில் படும்படி மேசைக்கு மேலேயே வைத்தார்.

கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் இருந்த பள்ளிக்கூடம் அது. நான் அங்கே ஆறு வருடம் இருந்தேன். எனக்கு முன் வந்தவர்களையும் என்னையும் சேர்த்துப் பதினொரு பேரை அவர் அந்த ஒழுங்குப்படி வரவேற்றார். ஒன்பது பேர் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவர்களின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் தில்லைநாதன் மாஸ்ரர். அவருக்குத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் இருந்தது. மற்றது நான், எனக்கு மாற்றம் கிடைக்கவில்லை.

என்னை வரவேற்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாலைக்குள் எறும்பு. உரை முக்கால் மணித்தியாலம். "இது உம்மட வீடு மாதிரி" என்று மூன்று தரம் சொன்னார். பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உதவாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு நாள் வயிற்றோட்டத்தில் கிடந்தேன். மூன்றாம் நாள் தில்லைநாதன் வந்து எட்டிப் பார்த்து, "ஓ, அதைக் குடிச்சனீரோ?" என்று கேட்டார், குடித்தது என்னுடைய அறிவுகெட்ட தனம் என்பது போல.

அறுபத்து மூன்றாம் ஆண்டு சித்திரையில் என் மாற்றம் வந்தது. சாவகச்சேரிப் பள்ளிக்கூடம், என் புருஷன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நான்கு வயதான என் மகளை அங்கே மச்சாளிடம் விட்டிருந்தேன். மாதம் ஒருமுறை போவேன். கடைசியாகப் போனபோது பிள்ளை மச்சாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "இவா எப்ப போவா?" என்று கேட்டது. அந்தக் கேள்வியோடுதான் நான் பஸ் ஏறித் திரும்பி வந்தேன். ஆனால் மாற்றக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: பதிலாள் கடமையேற்று ஒரு தவணை நிறைவு செய்தபின் தலைமையாசிரியர் விடுவிக்கலாம். ஒரு தவணை என்றால் மூன்று மாதம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மூன்று மாதம் நின்றதில்லை.

பதிலாளின் பெயர் வந்தது. அ. மதலேனா, கொக்கிளாய்.

சிற்றம்பலம் கொப்பியை விரித்தார். அவருடைய ஒழுங்கில் மாலைக்கும் முன்னால், இலக்கம் ஒன்று, 'வருபவரின் ஊர், குடும்பம் முதலியவற்றை முன்கூட்டியே விசாரித்தறிதல்.' வித்தியாதிகாரி அதை அன்பு என்று நினைத்திருப்பார்.

"கொக்கிளாயிலை எங்களுக்கு ஆரையும் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஒருத்தரையும் தெரியாது சேர்," என்றார் தில்லைநாதன். "தேப்பன் அந்தோனிமுத்துவாம். வேதக்காரர்."

"வேதக்காரர் எண்டது பேரிலை தெரியுது ஐசே. அதுக்கு அங்கால?"

"அங்கால கடல்தான் சேர்."

சிற்றம்பலம் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி கமலாசனி பக்கத்துக் குவாட்டஸ் வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தா. ஆசிரியர்களுக்கு இடைவேளைத் தேநீர் அவாவின் குசினியில் இருந்துதான் வரும். அதற்கென்று நாலு எவர்சில்வர் பேணிகள் அலுமாரிக்குள் இருந்தன.

"ஆரெண்டு தெரியாத ஆக்களுக்கு என்ர பேணியிலை தேத்தண்ணி குடுக்கேலாது," என்றா கமலாசனி. "பிறகு என்ர அண்ணை வந்தால் நான் அவருக்கு எதிலை குடுக்கிறது? சிரட்டையிலையோ?"

"அரசாங்க உத்தியோகக்காரிக்குச் சிரட்டையிலை குடுக்கேலாதப்பா, காலம் மாறிப்போச்சு," என்றார் சிற்றம்பலம், தாமே காலத்தை மாற்றியவர் போல. கொஞ்ச நேரம் பேனையால் கன்னத்தைத் தட்டினார். "சோடா எடுப்பம். சோடா எண்டால் மரியாதை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது."

எங்கள் சனத்தின் புத்தியை நான் அன்று வியந்தேன். சோடாப் போத்தல் மூடியோடு வரும். குடித்து முடிய வெறும் போத்தலாகக் கடைக்குத் திரும்பிப் போகும். யாருடைய வாய் பட்டது என்று வீட்டில் யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை, கழுவத் தேவையில்லை. சாதி தெரியாத விருந்தாளிக்கு அதைவிடப் பாதுகாப்பான பானம் கிடையாது. குடாநாட்டில் இருந்து இந்தக் காட்டுக்கு வந்தபோது எல்லோருக்கும் அரசாங்கம் அளந்து கொடுத்தது ஒரே மூன்று ஏக்கர்தான். ஆனால் வந்தவர்கள் சாமான் மூட்டைக்குள் யாருக்கு எந்தப் பேணி என்பதையும் சேர்த்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

நான் மனதுக்குள் அவர்களை இகழ்ந்தேன். இகழ்வது எனக்குப் பழக்கம். ஆறு வருடம் அந்தச் சாப்பாட்டில்தான் உயிரோடு இருந்தேன்.

மதலேனா நிற்க வேண்டும். அதனால் வரவேற்பை நானே சரியாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். நான் இருந்த குவாட்டஸில் மற்ற அறையை ஒதுக்கினேன். சாணத்தால் மெழுகி, நுளம்பு வலை கட்டி, கட்டில் காலடியில் தண்ணீர்ச் சிரட்டை வைத்தேன், எறும்பு ஏறாமல். ஒரு தாளில் எழுதினேன்: பள்ளிக்கூடக் கிணற்றில் குடிக்க வேண்டாம், வாய்க்கால் பக்கத்துக் கிணற்றில் அள்ள வேண்டும். காலை பஸ் கைகாட்டினால் நிற்காது, துவாயை வீச வேண்டும். தகரம் அடிக்கும் சத்தம் கேட்டால் யானை, வெளியே வர வேண்டாம். மூன்றாம் வகுப்பில் ஏரம்புவின் பிள்ளைகள் திங்கட்கிழமை விடிய வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டுப் பசியோடு வருவார்கள், அன்றைக்கு அடிக்க வேண்டாம். இரண்டு பக்கம் வந்தது. எனக்கு ஒருவரும் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. கிளிநொச்சிக்குப் போய் ஒரு புது எவர்சில்வர் பேணியும் வாங்கி, அதில் 'ம' என்று எழுத்து வெட்டுவித்துக் கொண்டுவந்து அவளுடைய மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

வைத்துவிட்டு வாசலில் நின்று அறையைப் பார்த்தபோது எனக்கு என்மேல் ஒரு மதிப்பு வந்தது. சிற்றம்பலத்தின் கொப்பியை விட என் இரண்டு பக்கம் எவ்வளவு மேல் என்று நினைத்தேன்.

வைகாசி முதற் கிழமையில் அவள் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். மெலிந்த கறுப்புப் பெண். றங்குப் பெட்டியைத் தானே பஸ்ஸால் இறக்கினாள். மாலை, நிறைகுடம், பாட்டு எல்லாம் ஒழுங்குப்படி நடந்தன. பிறகு சிற்றுண்டி. கமலாசனி தட்டத்தில் மூன்று பேணி தேத்தண்ணியும் ஒரு சிவப்புச் சோடாப் போத்தலும் கொண்டுவந்து வைத்தா. சிற்றம்பலம் எழும்பினார்.

"எங்களுக்கு வழக்கம்போலத் தேத்தண்ணி. எங்கட புது ஆசிரியைக்கு கிளிநொச்சியிலை இருந்து விசேஷமாய் எடுப்பிச்ச சோடா. இது எங்கட பள்ளிக்கூடத்தின்ர மரியாதை. எண்டைக்கும் இந்த மரியாதை உமக்கு உண்டு பிள்ளை."

மதலேனா தட்டத்தைப் பார்த்தாள். மூன்று பேணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு போத்தலை எடுத்து, கடைசித் துளிவரை அவசரப்படாமல் குடித்து, வெறும் போத்தலை யன்னல் கட்டின் மேல் வைத்தாள்.

"பெரிய உபகாரம் சேர்," என்றாள்.

அடுத்த நாள் இடைவேளைக்குத் தட்டம் வந்தது. மூன்று பேணி. வேறொன்றும் இல்லை. நாங்கள் ஆளுக்கொன்றை எடுத்தோம். மதலேனா கொஞ்ச நேரம் பொறுத்திருந்தாள்.

"சேர், என்ர மரியாதை இன்னும் வரேல்லையே?"

சிற்றம்பலத்துக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. தில்லைநாதன் முதுகில் தட்டப் போய், தலைமையாசிரியரின் முதுகைத் தட்டலாமோ என்ற சந்தேகத்தில் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எண்டைக்கும் உண்டு எண்டு நேற்றுச் சொன்னனீங்கள்," என்றாள் மதலேனா, மிகப் பணிவாக. "நான் ஐயாவுக்குக் கடிதமும் எழுதிப்போட்டன். இஞ்ச எனக்கு ஒவ்வொரு நாளும் சோடா தருவினமெண்டு."

தில்லைநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்கு, ஐயாத்துரை கடைக்கு ஓடினார். அன்றும் ஓடினார், அடுத்த நாளும் ஓடினார். வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோக அவர் கை நீட்டினால், "இருக்கட்டும் மாஸ்ரர், மரியாதையைத் திருப்பிக் குடுக்கக் கூடாது" என்பாள். யன்னல் கட்டில் போத்தல்கள் வரிசையாக நின்றன. பத்து, பதினைந்து, இருபது. வெயில் பட்டால் வகுப்புச் சுவரில் கண்ணாடி ஒளி ஆடும். பிள்ளைகள் அவளுக்குச் சோடா ரீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அவள் கோபிக்கவில்லை.

எனக்கு அது ரசமாக இருந்தது. சிற்றம்பலம் சொன்ன பொய்யை அவள் மெய்யாக எடுத்துக்கொண்டு அதாலேயே அவரைக் கட்டிப் போட்டிருந்தாள். ஒரு பேணி தேத்தண்ணி கொடுத்தால் முடிகிற காரியம். அதைக் கொடுக்க ஏலாமல் ஒரு தலைமையாசிரியர், ஒரு உதவி ஆசிரியர், ஒரு சைக்கிள். நான் என் பேணியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக இருந்து இந்தக் கூத்தைப் பார்த்தேன். பார்க்கிறவர்களில் ஒருத்தி என்றுதான் என்னை நினைத்தேன்.

ஆறாம் கிழமையில் ஏரம்பு வந்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன். வரணிப் பக்கத்தில் இருந்தபோது எந்த வளவுக்குள்ளும் படலையைத் தாண்டி விடப்படாதவன். இங்கே அவனுக்கும் மூன்று ஏக்கர். நெல் விளைச்சலில் தில்லைநாதனை விட மேல். பிள்ளையின் வரவு பற்றிக் கேட்க வந்தவன் யன்னலைப் பார்த்தபடி நின்றான்.

"உதென்ன வாத்தியார், கலியாண வீடோ?"

"புது ஆசிரியைக்கு நாங்கள் குடுக்கிற மரியாதை," என்றார் சிற்றம்பலம்.

"நல்லது. எனக்கும் வெயிலுக்கை வந்தது நல்லாய்த் தவிக்குது." கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எனக்குத் தேத்தண்ணியோ, சோடாவோ?"

தேத்தண்ணி என்றால் கமலாசனியின் பேணி. சோடா என்றால் அந்தப் போத்தல்கள் எல்லாம் என்னவென்று சபையில் ஒத்துக்கொண்டதாகும். சிற்றம்பலம் கொப்பியை ஒருமுறை திறந்து மூடினார். அதில் இதற்கு இலக்கம் இல்லை.

"யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் பிறகு வாறன்," என்று ஏரம்பு எழும்பிப் போனான். வெளியே போய்த்தான் சிரித்தான். அந்த அளவு மரியாதை அவனிடம் இருந்தது.

அடுத்த நாள் யன்னல் கட்டு வெறுமையாக இருந்தது. சோடாவும் வரவில்லை. "ஐயாத்துரையிட்டைச் சோடா முடிஞ்சுதாம்," என்றார் தில்லைநாதன், யாரையும் பார்க்காமல். மூன்று பேணி வந்தது. மதலேனா கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். ஒரு கேலியும் அவள் வாயில் வரவில்லை. நாங்கள் குடித்து முடியும்வரை இருந்துவிட்டு வகுப்புக்குப் போனாள். நானும் மூன்று நாளும் குடித்தேன்.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் வாய்க்கால் கிணற்றடியில் அவள் என்னிடம் ஒரு கடிதத்தைக் காட்டினாள். மாற்ற விண்ணப்பம்.

"நாளைக்குப் பின்னேர பஸ்ஸிலை கொண்டுபோறன் அக்கா. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு இடம் வெறுமையாய்க் கிடக்குதாம். உடனை கிடைக்கும்."

வாளிக்கயிறு என் கையை விட்டுப் போனது. வாளி கீழே போய் விழுந்த சத்தம் கேட்டது.

"இன்னும் ஆறு கிழமைதான் மதலேனா," என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. "என்ர பிள்ளை சின்னப்பிள்ளை. என்னை ஆரெண்டு மறந்துபோகுது. நீர் போனால் என்னை விடமாட்டினம்."

"தெரியும். நீங்கள் எழுதி வைச்ச ரெண்டு பக்கத்தையும் வாசிக்கேக்கை அண்டைக்கே யோசிச்சன். இவ்வளவு பக்குவமாய் எழுதிறவா என்னத்துக்கோ அவசரப்படுறா எண்டு."

"நான் அவையளைப் போலை இல்லை. உமக்கு அறை மெழுகி, வலை கட்டி..."

"பேணியும் வாங்கி வைச்சியள்."

"ஓம். புதுப் பேணி."

"எழுத்தும் வெட்டி." அவள் வாளியைக் கொக்கத்தடியால் கிளறி எடுத்துக்கொண்டே சொன்னாள். "குவாட்டஸிலை உங்கட பேணியை அலுமாரியிலை வைச்சுப் பூட்டிறியள். ஒருநாள் நீங்கள் பூட்ட மறந்து ஆறுமணி பஸ்ஸுக்குப் போயிட்டியள். ரெண்டு பேணியும் மாறி, உங்கடை என்ர மேசையிலை கிடந்துது. ஊரிலை இருந்து வந்ததும் உங்கடையைச் சாம்பல் போட்டு ரெண்டு தரம் மினுக்கினியள். நான் குசினிக்குப் பின்னாலை நிண்டனான்." வாளி மேலே வந்தது. "சேர் சோடா தந்தார். நீங்கள் பேணி தந்தியள். சேருக்குச் செலவு கூட."

அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நான் அங்கேயே இருந்தேன். புதுப் பேணி வாங்கும்போது என் மனதில் என்ன இருந்தது என்று திரும்பத் திரும்பத் தோண்டிப் பார்த்தேன். அன்பு இருந்தது, பொய் இல்லை. ஆனால் எழுத்து வெட்டச் சொன்னபோது கடைக்காரன் கேட்டான், "ஏன் தங்கச்சி, வீட்டிலை மாறுப்படுமோ?" நான் ஓம் என்றேன். யோசிக்காமல் ஓம் என்றேன். ஆறு வருடம் நான் இகழ்ந்த ஒவ்வொருவரும் அந்த ஓமுக்குள் குந்தியிருந்தார்கள். சிற்றம்பலத்துக்காவது தான் செய்வது தெரிந்திருந்தது. மறைக்க ஒரு உரை தேவைப்பட்டது. எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை இடைவேளை. தட்டம் வந்தது. மதலேனாவின் கைப்பைக்குள் கடிதம் இருந்தது. அதன் ஓரம் வெளியே தெரிந்தது. நான் என் பேணியை எடுத்து, குடிக்காமல், அவளிடம் நீட்டினேன்.

"குடியும்."

கமலாசனி வாசற்படியில் நின்றா. தில்லைநாதனின் பேணி வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் நின்றது.

மதலேனா கை நீட்டவில்லை. "இது எனக்காகவோ அக்கா, உங்கட மாற்றத்துக்காகவோ?"

பொய் சொல்லலாம். சொன்னால் நம்பமாட்டாள். "மாற்றத்துக்காகத்தான்," என்றேன்.

அவள் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேணியை வாங்கி, விளிம்பில் வாய் வைத்துப் பாதி குடித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் துடைக்காமல், அப்படியே என் பக்கம் நீட்டினாள்.

"மிச்சம் உங்களுக்கு."

வாங்கினேன். பழக்கத்தில் பேணியை உயர்த்தினேன், வாய் படாமல் அண்ணாந்து ஊற்ற. தேத்தண்ணி விழுவதற்கு முன் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு உறைத்தது. கையை இறக்கி, அவள் வாய் வைத்த இடத்தில் வாய் வைத்துக் குடித்தேன். ஆறிப்போன தேத்தண்ணி. ஒரு பெரிய காரியம் செய்த உணர்வு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு பேணி தேத்தண்ணிக்கு என் கை உயர்ந்ததை எண்ணி வெட்கம்தான் வந்தது.

மதலேனா அன்று பஸ் ஏறவில்லை. "நான் போனால் அந்தக் கொப்பியிலை இன்னொரு பேர் வெட்டுப்படும், அவ்வளவுதான்," என்றாள். "அவருக்கு அந்தச் சுகம் ஏன்?" விண்ணப்பத்தால் அடுப்பு மூட்டினாள்.

திங்கட்கிழமை தட்டத்தில் இரண்டு பேணிதான் வந்தது. அது எவருக்கென்று ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நானும் மதலேனாவும் எங்கள் குவாட்டஸில் தேத்தண்ணி வைத்துக் குடித்தோம். 'ம' பேணியும் மற்றதும் எது எவர் கையில் வந்ததோ அதில். சில நாட்களில் என் கை இன்னும் மற்றதைத் தேடும். அவள் அதைக் கவனிப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஆவணியில் தவணை முடிந்தது. சிற்றம்பலம் என் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். மறுக்க வழியிருக்கவில்லை. பதிலாள் வந்தாள், நின்றாள். பிரியாவிடைக்கும் கொப்பியில் ஒரு ஒழுங்கு இருந்தது. மாலை, பாட்டு, உரை. நான் பள்ளிக்கூடத்துக்குச் செய்த சேவை பற்றி அரை மணித்தியாலம் பேசினார். பிறகு கமலாசனி தட்டத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா.

இரண்டு பேணி தேத்தண்ணி. இரண்டு போத்தல் சிவப்புச் சோடா.

ஒன்று மதலேனாவுக்கு முன்னால் நகர்த்தப்பட்டது. மற்றது எனக்கு முன்னால்.

"விசேஷ மரியாதை," என்றார் சிற்றம்பலம். அவர் கண் கூரையில் இருந்தது.

சிரித்தேன் என்று எழுத விருப்பம். சிரிக்கவில்லை. முகம் சுட்டது. எனக்கா? சாவகச்சேரி தெற்கில் எங்கள் வீட்டைத் தெரியாதவர் உண்டா? எனக்கா சோடா? என் பாட்டன், பூட்டன், எங்கள் கிணறு, எங்கள் கோயில் உரிமை எல்லாம் ஒரு நொடிக்குள் எழும்பி எனக்காக வாதாட வந்து நின்றன. மூன்று மாதம் அருகில் இருந்து பார்த்து, ஒரே பேணியில் குடித்து, எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்திருந்தவள் நான். ஒரு போத்தல் போதுமாக இருந்தது. அந்த அறையில் நான் இகழத் தகுந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் என்னை மாத்திரம்தான் எனக்கு உள்ளே போய்ப் பார்க்கத் தெரியும்.

மதலேனா தன் போத்தலை எடுத்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்ததை முழுக்க வாசித்திருப்பாள். அவளுக்கு அது பழக்கமான எழுத்து.

"குடியுங்கோ அக்கா," என்றாள் மெதுவாக. "முதல் நாள் கொஞ்சம் மூக்கிலை ஏறும். பிறகு பழகீடும்."

வெளியே பஸ் வரும் நேரம். குடித்தேன். மூக்கில் ஏறியது.